பன்னிரண்டரை மணி விரதம்

அந்த அலுவலகத்தில் வேலை காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடியும். ஆனால் ஒருவர் நல்ல ஊழியரா இல்லையா என்பது பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில்தான் முடிவாகும் என்று தேன்மொழிக்கு முதல் நாளே சொல்லப்பட்டது. சொன்னவன் சுகுமாறன். கப்பல் சரக்குப் பிரிவில் பல வருடமாக இருப்பவன். அலுவலக விவகாரம் எதுவானாலும் அவனுக்கு ஒரு கருத்து உண்டு.

"இங்க பாரு தங்கச்சி, சரக்குப் பத்திரத்துல தப்பு வந்தா திருத்திக்கலாம். மக்கான் நேரத்துல, அதான் மத்தியானச் சாப்பாட்டுல, தப்பு வந்தா திருத்த முடியாது. வசந்தினி அக்கா கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிரணும். உனக்கு முன்னாடி ஒரு பையன் இருந்தான். வீட்டுலேருந்து சோறு கட்டிட்டு வருவான். இப்ப இல்ல."

"ஏண்ணே, நிறுத்திட்டாங்களா?"

"சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். அது வேற விஷயம். ஆனா இங்க இல்ல, பாத்தியா."

இந்த வாதத்தில் ஓட்டை இருந்தது தேன்மொழிக்குத் தெரிந்தது. இருந்தும் அவள் அதை நம்பினாள். ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இருப்பவர்கள் எதையும் நம்புவார்கள்.

அவளுக்கு அந்த வேலை நிலைத்தே ஆகவேண்டும். சிம்பாங் ரெங்கத்தில் இருந்த அப்பா, பிப்ரவரிக்குள் நிரந்தரக் கடிதம் வரவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடச் சொல்லியிருந்தார். ரெங்கம் பக்கத்துக் கோழிப் பண்ணை ஒன்றின் அலுவலகத்தில் மாமா அவளுக்காக ஒரு நாற்காலியைப் பேசி வைத்திருந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே கோழிகள் தெரியும். தேன்மொழிக்குக் கோழிகள் மேல் பகை ஒன்றும் இல்லை. ஆனால் உலு திராமில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்கு ஒரு கதவும், அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் இருந்தன. இரண்டு தங்கைகளோடு ஒரே கட்டிலில் வளர்ந்தவளுக்கு அந்தத் தாழ்ப்பாள் ஒரு சொத்து.

ஆகவே வசந்தினி கூப்பிட்டபோதெல்லாம் அவள் எழுந்து போனாள்.

வசந்தினி அலுவலகத்தின் நிர்வாகி. முதலாளி கோவுக்கு அடுத்தபடி. தாத்தா மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் வராத நேரத்திலும் கோட்டைக் கழற்றாதவர் என்று குடும்பத்தில் பெருமை. அந்தக் கோட்டு பேத்தியின் தோளில் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அவர் உதட்டுச் சாயத்தைச் சரிசெய்வார். அது ஓர் அறிவிப்பு. சுகுமாறன் கணினியை அணைப்பான். பில் போடும் மலாய்க்கார அக்கா காக் ரோஸ் தன் தூடோங் முக்காட்டைக் கண்ணாடியில் சரிபார்ப்பார். நால்வரும் படியிறங்குவார்கள்.

அலுவலகம் புதிதாகக் கட்டிய கடைவீட்டு வரிசையில் மேல்மாடியில் இருந்தது. கீழே ஒரு மருந்துக் கடை, ஒரு டியூஷன் நிலையம், மற்றபடி கஃபேக்கள். கஃபே என்றால் சுவருக்குச் சிமெண்ட் பூசாமல் விட்டுவிட்டு, பூசாததற்கும் சேர்த்துக் காசு வாங்கும் இடம். நாற்காலிகள் உட்கார வசதியில்லாதபடி கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். தட்டு பெரிதாக இருக்கும். உணவு அதன் ஒரு மூலையில் கூச்சத்துடன் ஒதுங்கியிருக்கும்.

அந்தக் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். கணக்குப் பார்க்கக் கூடாது. யார் என்ன சாப்பிட்டாலும் பில்லை நாலாகப் பிரித்துவிட வேண்டும்.

"நம்ம என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா, நீ ஒரு கப் குடிச்ச, நான் ரெண்டு கப் குடிச்சேன்னு சொல்லிட்டிருக்க," என்பார் வசந்தினி.

இந்தப் பெருந்தன்மையின் பயன் முழுவதும் சுகுமாறனுக்கே போனது. அவன் ஆட்டு இறைச்சி சாப்ஸ் சொல்வான். தேன்மொழி சூப்பு சொல்வாள். பிறகு ஆட்டின் ஒரு காலுக்கு அவள் பணம் கட்டுவாள். அவள் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் ஏழைக் குமாஸ்தாக்கள் முட்டைக்கோஸ் சூப்பைக் குடித்துவிட்டுப் பனியில் நடந்துபோய்க் காதலித்தார்கள். உலு திராமில் பனி இல்லை. சூப்பு பதினெட்டு வெள்ளி. அதற்குப் பிறகு காதலிக்கத் தெம்பு இருந்தாலும் காசு இருக்காது.

மாதக் கடைசியில் அவள் இரவு உணவைப் பாக்கெட் மீ நூடுல்ஸாக மாற்றினாள். பிறகு காலை உணவையும். ஒருநாள் சாப்ஸுக்கான தன் பங்கைக் கட்டிவிட்டு மாலையில் நடந்தே வீட்டுக்குப் போகும்போதுதான் டயர் கடைக்குப் பின்னால் இருந்த சந்து கண்ணில் பட்டது. தகரக் கூரைக்கு அடியில் நாலு மேசை. தனலெட்சுமி என்ற பெண்மணி, மதியச் சோற்றில் மீந்ததை மூடிவைத்துக்கொண்டிருந்தார். சோறு, பருப்பு, கோஸ், சம்பல் போட்ட கெம்போங் மீன்.

"மத்தியானத்துல எவ்வளவுக்கா?"

"மீனோட ஏழு வெள்ளி. மீன் இல்லாம அஞ்சு. சோறு வேணுங்கற வரைக்கும் போட்டுக்க. யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்பதுதான் தேன்மொழியை அசைத்தது. மூலை மேசையில், மரத்தின் நிழல் விழும் இடத்தில், ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு மறு கையால் பக்கத்தைப் புரட்டும் தன்னை அவள் அன்றிரவு முழுவதும் கற்பனை செய்தாள். இருபத்து நாலு வயதுப் பெண்ணின் கனவில் வெளிநாடு வரவேண்டும், மாப்பிள்ளை வரவேண்டும். அவளுக்குக் கோஸ் வந்தது.

ஆனால் அங்கே போவதற்கு ஒரு காரணம் வேண்டும். காசில்லை என்பது காரணமல்ல, அது அவமானம். உடம்பு சரியில்லை என்றால் ஒருநாள் தாங்கும். டயட் என்றால் வசந்தினி சாலட் கடைக்கு அழைத்துப் போவார்; அது சாப்ஸை விட விலை.

டிசம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, உதட்டுச் சாயம் பூசி முடிந்ததும் வசந்தினி அறிவித்தார்.

"புதுசா ஸ்டீக் கடை ஒண்ணு திறந்திருக்கான். இன்னைக்கு அங்க போலாம்."

"அக்கா, நான் வரல," என்றாள் தேன்மொழி. எல்லோரும் திரும்பினார்கள். அவள் வாய் அவளைக் கேட்காமலே தொடர்ந்தது. "நான் விரதம்."

"செவ்வாக்கிழமை சைவமா? மஷ்ரூம் இருக்கும் அங்க," என்றான் சுகுமாறன்.

"இல்லண்ணே. தைப்பூச விரதம். ஒரு மண்டலம்."

"அட. என்ன எடுக்குற?"

"பால்குடம்."

"ஓட்டல்ல சாப்பிடலாமில்ல?"

"கறி சமைக்கிற அடுப்புல செஞ்சது ஆகாது," என்றாள் தேன்மொழி. இந்த விதியை அவள் அந்தக் கணத்தில்தான் இயற்றினாள். அது மிகவும் பழமையான விதி போல ஒலித்தது.

ஸ்டேஷன் மாஸ்டரின் பேத்தி தன் கைப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். "நல்ல விஷயம் பிள்ளை," என்றார். குரலில் மரியாதை இருந்தது. மூன்று மாதம் தவறில்லாமல் வேலை செய்து தேன்மொழி வாங்காத மரியாதை அது.

இப்படியாக அவளுக்கு மூலை மேசை கிடைத்தது. முதல் நாள் சம்பல் மீனோடு உட்கார்ந்து, பனிப்பிரதேசத்து விதவை ஒருத்தி வீட்டை விற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அத்தியாயத்தைப் படித்தாள். இரண்டாம் நாள் விதவை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்; மீன் அருமையாக இருந்தது. மூன்றாம் நாள் தட்டில் மீன் இல்லை.

"அக்கா, மீன்?"

தனலெட்சுமி இடுப்பில் கைவைத்து நின்றார். "ஏம்மா, நீ முருகனுக்கு விரதமாமே. மொத நாளே சொல்றதுக்கு என்ன. ரெண்டு நாளா நான் பாவம் பண்ணிட்டிருந்திருக்கேன்."

"யாரு சொன்னது?"

"உங்க ஆபீஸ் தம்பிதான். நேத்து நீ இங்க வர்றதப் பாத்துச்சாம், காலைல டயர் மாத்த வந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு மீன் கரண்டியப் பருப்புல போட்டுறாதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. உனக்குத் தனி அடுப்புல தனிச் சட்டி வெச்சிருக்கேன். கவலைப்படாத."

தனிச் சட்டியில் பருப்பு இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை பருப்போடு பீர்க்கங்காய். தனலெட்சுமியின் கண் அவள் மேல் இருந்தது, அன்போடும் கண்டிப்போடும். உலகத்திலேயே கடுமையான விரதம், மற்றவர்கள் காவல் காக்கும் விரதம்தான் என்று தேன்மொழி கண்டுகொண்டாள். பொய்யாகத் தொடங்கியது நாலே நாளில் உண்மையாகிவிட்டது. அவள் அறையில் முட்டை பொரிக்கக்கூடப் பயந்தாள். வீட்டுக்காரம்மா தனலெட்சுமிக்குச் சித்தி முறை.

அடுத்த வாரம் அதிசயம் ஒன்று நடந்தது. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வசந்தினி உதட்டுச் சாயத்தை எடுத்தபோது சுகுமாறன் கணினியை அணைக்கவில்லை.

"அக்கா, நானும் மாலை போட்டுட்டேன்."

"நீயா?"

"வீட்டுல சொன்னாங்க. வயசாவுது, பக்தி வேணும்னு."

மாலை எதுவும் கழுத்தில் தெரியவில்லை. சட்டைக்குள் இருக்கிறது என்றான். தனலெட்சுமியின் தகரக் கூரைக்கு அடியில், தேன்மொழிக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்து, தட்டில் இருந்த கோஸை நீண்ட நேரம் பார்த்தான். ஆட்டுச் சாப்ஸ் சொல்லி அடுத்தவரிடம் பங்கு வாங்கியவன், கோஸுக்கு முழுப் பணமும் தானே கட்டினான்.

"ஏண்ணே, உண்மையிலயே மாலையா?"

"நீ உண்மையிலயே பால்குடமா?"

இருவரும் சாப்பிட்டார்கள். கோஸ் பாதி தீர்ந்ததும் அவன் தானாகவே சொன்னான்.

"கார் லோன் ஏத்திட்டான் தங்கச்சி. ரெண்டாவது பிள்ளைக்குப் பால் மாவு. அக்காகிட்ட போய் அதச் சொல்ல முடியுமா?"

"அப்ப சாப்ஸ் மட்டும் ஏன் சொன்னீங்க?"

"எப்படியும் பிரிச்சுத்தான் கட்டப் போறோம். சூப்புக்கு நாப்பது வெள்ளி கட்டுறதுக்கு நான் என்ன மடையனா," என்றான். பிறகு யாரிடம் பேசுகிறோம் என்பது நினைவுக்கு வந்து தண்ணீர் குடித்தான்.

புத்தாண்டு பிறந்ததும் காக் ரோஸ், போன ரமலானில் விட்டுப்போன நோன்புகளை இப்போதே அடைத்துவிடப் போவதாகச் சொல்லி மதியத்தில் தொழுகை அறையில் கண்ணயர்ந்தார். அலுவலகத்தில் அவர் ஒருவர்தான் சொன்னதைச் செய்தவர் என்று நம்ப இடமிருக்கிறது. கஃபேக்கள் இருந்த வரிசையில் ஒரு சிறு பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. முதலாளி கோ இதையெல்லாம் கண்ணாடி அறைக்குள் இருந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

கோ ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டில் மளிகைக் கடை வைத்திருந்த சீனரின் மகன். தமிழ் நன்றாகப் பேசுவார். 'நீங்க' மட்டும் வராது. எஸ்டேட்டில் அவருக்கு யாரும் அதைக் கற்றுத்தரவில்லை. பிறைக்கும் பௌர்ணமிக்கும் அவரே சைவம் என்பதால் பக்தி விஷயத்தில் விவரம் தெரிந்தவர். மற்ற நாட்களில் வீட்டில் இருந்து வந்த கஞ்சியை மேசையிலேயே குடித்துவிட்டு, பாத்திரத்தை அங்கேயே கழுவி வைப்பார். ஒரு காலையில் தேன்மொழியை அறைக்குள் கூப்பிட்டார்.

"நீ வந்தப்புறம் ஆபீஸ் மாறிப் போச்சு லா. எல்லாரும் சாமி கும்புடுறான். நல்லது. நீ பால் ஊத்துறப்ப எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு. பாசிர் கூடாங் துறைமுகக் கான்ட்ராக்ட் கிடைக்கணும்னு. பேரு வேணுமா? எழுதித் தரவா?"

"வேணாம் பாஸ். ஞாபகம் இருக்கும்."

"அன்னைக்கு நாங்க எல்லாரும் வர்றோம். நீ நடக்குறத பாக்கணும். ஆபீஸ் டீ-ஷர்ட் போட்டு வர்றோம்."

அதோடு தப்பிக்கும் வழி எல்லாம் மூடிக்கொண்டது. அன்று இரவு அவள் அம்மாவுக்குப் போன் செய்து, கோயிலில் பால்குடத்துக்குப் பதிவு செய்வது எப்படி என்று கேட்டாள்.

"ஏன்டி, திடீர்னு என்ன வேண்டுதல்?"

"வேலைம்மா. நிரந்தரமாவணும்."

இது பொய்யில்லை. இதைச் சொல்லும்போதுதான் அது அவளுக்கே தெரிந்தது. அம்மா அழுதார். அப்பா வேன் பேசினார். கோழிப் பண்ணை மாமா உட்பட ஒன்பது பேர் சிம்பாங் ரெங்கத்திலிருந்து கிளம்புவதாக முடிவாயிற்று. மதியச் சாப்பாட்டில் கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்த ஒரு பெண்ணுக்காக.

இதற்கிடையே வசந்தினி தனியாகக் கஃபேக்குப் போய்வந்தார். முதல் வாரம் விறைப்பாகப் போனார். இரண்டாம் வாரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு எங்கே போகிறார் என்பது தெரியவில்லை. பன்னிரண்டரைக்குக் காரில் ஏறுவார், ஒன்றரைக்குத் திரும்புவார். யாரோடும் அதிகம் பேசவில்லை. தேன்மொழியின் மேசையைக் கடக்கும்போது ஒருமுறை நின்று, "பிப்ரவரிதானே உனக்கு ஆறு மாசம் முடியுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார். தேன்மொழிக்கு அன்று பருப்பும் இறங்கவில்லை.

"முடிஞ்சுது," என்றான் சுகுமாறன் அன்று மதியம். "டீமக் கலைச்சவள்னு உன்னை எழுதப் போறாங்க."

"நீங்களும்தானே வந்தீங்க?"

"நான் நிரந்தரம் தங்கச்சி. எனக்கென்ன."

தைப்பூசத்தன்று கூட்டம் சாலை முழுவதும் நிறைந்திருந்தது. உருமி மேளக் குழு ஒன்று நின்ற இடத்திலேயே ஆடியது. அதற்குப் பின்னால் காவடிகளும், காவடிகளுக்குப் பின்னால் பால்குடங்களும் ஊர்ந்தன. தேன்மொழி மஞ்சள் சேலையில், தலையில் குடத்தோடு, வரிசையின் நடுவில் நின்றாள். குடம் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. வெறுங்காலில் தார் சுட்டது. அம்மா ஒரு பக்கம் வர, மறுபக்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்து சேர்ந்தார். பட்டுச் சேலை, நெற்றியில் திருநீறு, உதட்டில் சாயம் இல்லை. ஒரு நொடி தேன்மொழிக்கு அடையாளம் தெரியவில்லை.

"தண்ணி குடிக்கிறியா பிள்ளை?" என்றார் வசந்தினி.

அவரும் செருப்பில்லாமல் வந்திருந்தார். அம்மாவிடம், "கொஞ்சம் நிழல்ல நில்லுங்கம்மா, நான் பாத்துக்குறேன்," என்று சொல்லிப் பக்கத்தில் நடந்தார். வரிசை நகர்ந்தது, நின்றது.

"முடிஞ்சதும் எல்லாரும் சேந்து சாப்பிடப் போலாம்," என்றார். "ஸ்டீக் கடையில இடம் சொல்லி வெச்சிருக்கேன். விரதம் முடிச்சது மாதிரியும் ஆச்சு, டீம் மறுபடி சேந்த மாதிரியும் ஆச்சு."

சரிக்கா என்று சொல்ல வாயைத் திறந்தாள் தேன்மொழி. தலைமேல் குடம் லேசாக ஆடியது. மேலே பால், முன்னால், தலைகளுக்கு அப்பால், கோபுரம். வேறெங்காவது என்றால் சொல்லியிருப்பாள். முருகனுக்கான பாலைத் தலையில் வைத்துக்கொண்டு பொய் சொல்லும் அளவுக்கு அவளுக்குத் துணிச்சல் இல்லை. அத்தனை நாவல் படித்தும் வரவில்லை.

"அக்கா, எனக்குக் கட்டுப்படியாகாது."

"என்னது?"

"ஸ்டீக். அதுக்கு முன்னாடி சாப்பிட்டதும். அதனாலதான் விரதம்னு சொன்னேன். காசு இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சொன்னப்புறம் நெஜமாவே இருந்துட்டேன். மீன் மட்டும் ரெண்டு நாள் சாப்பிட்டேன், ஆரம்பத்துல." குடம் ஆடாமல் இருக்க அவள் நேராகப் பார்த்தபடியே பேசினாள். "நீங்க என்னை நிரந்தரமாக்கலேன்னாலும் பரவால்ல. என் பங்கு மட்டும் கட்டுறதுன்னா வர்றேன். பிரிச்சுக் கட்ட என்னால முடியாது."

வேல் வேல் என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுக்க, வரிசை நாலடி நகர்ந்தது. வசந்தினியும் நகர்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாதது தேன்மொழிக்கு நல்லதாகப் போயிற்று.

"உன் லெட்டர்ல நான் போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றார் வசந்தினி கடைசியில். "சாப்பாட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? யாரு சொன்னது உனக்கு?"

"சுகுமாறண்ணன்."

"அவனா. அவன் இத்தன வருஷமா அப்படி நெனச்சுட்டா என்னோட வந்தான்?" வசந்தினியின் குரலில் கோபம் தொடங்கி, பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. "எனக்கு மட்டும் ஆசையா பிள்ளை? பாஸ் சொன்னாரு, டீம ஒண்ணா வெச்சிரு, மத்தியானம் கூட்டிட்டுப் போன்னு. அதுக்குத்தான். உண்மையச் சொன்னா நான் வீட்டுலேருந்து சோறு கட்டிட்டுத்தான் வர்றேன். தெனமும். கார்ல இருக்கும். உங்களோட கஃபேல சாப்பிட்டுட்டு, அந்தச் சோத்த சாயந்திரம் டிராஃபிக் ஜேம்ல நிக்கிறப்ப சாப்பிடுவேன். வீண் பண்ண மனசு வராது."

"இந்த ஒரு மாசமா?"

"மொத ரெண்டு வாரம் கஃபேதான். அப்புறம் கார்ல உக்காந்து நேரத்துக்குச் சாப்பிட்டேன். டயர் கடைக்கு முன்னாடி நிழல் இருக்குல்ல, அங்கதான். வாழ்க்கையிலயே நிம்மதியா சாப்பிட்ட மாசம் இதுதான்."

ஒரே டயர் கடைக்கு முன்னும் பின்னுமாக இருவரும் வாரக் கணக்கில் சாப்பிட்டிருக்கிறார்கள். தேன்மொழிக்குச் சிரிப்பு வந்தது. குடத்துக்காக அதை அடக்கினாள்.

பால் ஊற்றி முடிந்தது. அவள் வேண்டிக்கொண்டதில் பாசிர் கூடாங்கும் இருந்தது, கொடுத்த வாக்கு. வெளியே வந்தபோது கோ, அலுவலக டீ-ஷர்ட்டில், கோழிப் பண்ணை மாமாவோடு முட்டை விலை பற்றிச் சூடாகப் பேசிக்கொண்டிருந்தார். சுகுமாறன் எல்லோரையும் படம் பிடித்தான். காக் ரோஸ் வீட்டிலிருந்தே வாழ்த்து அனுப்பியிருந்தார்.

"வசந்தினி, எங்க சாப்பாடு?" என்றார் கோ. "பசிக்குது லா."

வசந்தினி ஸ்டீக் கடைக்குப் போன் போட்டு இடத்தை ரத்து செய்துவிட்டு, அவர்களை அன்னதானப் பந்தலுக்கு அழைத்துப் போனார். நீளமான மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், மெழுகுக் காகிதத்தில் சோறு. சாம்பார் வாளியோடு ஓர் ஆள் ஓடிக்கொண்டிருந்தார். கோ தோட்டத்துப் பையனைப் போலக் குனிந்து சாப்பிட்டார்.

"இது ஒரு ஆளுக்கு எவ்வளவு?"

"காசு கிடையாது பாஸ்."

கோவின் கை நின்றது. "தெனமும் குடுப்பானா?"

"பாஸ், அதப் பத்தித்தான் பேசணும்," என்றார் வசந்தினி. அவர் தேன்மொழியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நாளையிலேருந்து டீம் லஞ்ச் வேணாம். அவங்கவங்க சாப்பாட்ட அவங்கவங்க பாத்துக்கட்டும்."

"ஏன், மறுபடி விரதமா?"

"விரதம் இல்ல. யாருக்கும் கட்டுப்படியாகல. எனக்கும்தான்."

ஸ்டேஷன் மாஸ்டரின் கோட்டு அந்த இடத்தில், பந்தலின் புழுக்கத்தில், கழன்று விழுந்திருக்க வேண்டும். சுகுமாறன் அப்பளத்தைக் கடிக்காமல் வாயில் வைத்தபடி இருந்தான். கடித்தால் சத்தம் கேட்கும். கோ குழம்பிப்போய் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"தெனமும் போன்னு நான் எங்க சொன்னேன்?"

"சொன்னீங்க பாஸ். நான் சேந்த புதுசுல."

"அது ஜப்பான்காரன் வந்த வாரம் லா. ஆபீஸ்ல எல்லாரும் ஒத்துமைன்னு அவனுக்குக் காட்டணும். ஒரு வாரத்துக்குச் சொன்னேன். நீ இன்னும் போறியா?"

வசந்தினி சோற்றைப் பார்த்தார். பிசைந்ததையே மறுபடி பிசைந்தார்.

"நான் டெய்லி பாக்குறேன்," என்றார் கோ, உண்மையான வருத்தத்தோடு. "பெரிய பெரிய கஃபே. ஆட்டுக் கறி. ஐஸ் காப்பி. நான் கஞ்சி குடிக்கிறேன், நீ ஸ்டீக் சாப்பிடுற. அப்ப உனக்கெல்லாம் வீட்டுல நல்லா காசு இருக்குன்னு நெனச்சேன். அதான் இன்கிரிமெண்ட் கம்மியா போட்டேன்."

பந்தலில் மேளச் சத்தம் நன்றாகக் கேட்டது. சுகுமாறன் அப்பளத்தை விழுங்கினான். முதலில் மீண்டவர் வசந்தினிதான்.

"பாஸ், இந்தப் பிள்ளையோட லெட்டர்ல கையெழுத்து இருக்கு. சம்பளம் இன்னும் எழுதல. அத நீங்கதான் சொல்லணும்."

"இங்கயா கேக்குற? கோயில்ல?"

"இங்கதான் பாஸ் கேக்கணும்."

கோ கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். மஞ்சள் சேலையில் பால் சொட்டிக் காய்ந்திருந்த தேன்மொழியைப் பார்த்தார். கையில் இருந்த, காசு கொடுக்காத சோற்றையும் பார்த்தார். பாசிர் கூடாங் முடிவு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"சரி லா," என்றார். "நல்லா எழுது. எனக்கும் சேத்து எழுதின மாதிரி எழுது. நீ எல்லாம் சேந்து என்னைய சாமிகிட்ட மாட்டி விட்டுட்ட."

தேன்மொழி தலையைத் திருப்பினாள். இரண்டு மேசை தள்ளி அப்பா, மாமாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மாமாவிடம் அந்த நாற்காலியைப் பற்றி எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும், அது மாலைக்கு. வாளிக்காரர் அவள் பக்கம் வந்து, போதுமா என்பதுபோலக் கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

"ஊத்துங்கண்ணே," என்றாள். "நிறைய ஊத்துங்க."